மீந்துபோன அடைப்புக் கலவை



நம் ஊரில் போர் போடும்போது காற்றழுத்தம் கல்தூளை மேலே தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆழமான எண்ணெய்க் கிணற்றில் அந்த வேலையைச் சேறு செய்கிறது. குழாய் வழியே உள்ளே போய், உடைந்த கல்லை அள்ளிக்கொண்டு மேலே வரும். அதைவிட முக்கியம் அதன் எடை. அடியில் இருக்கும் எரிவாயுவை அமுக்கிப் பிடித்திருப்பது அதுதான்.

சேறு கனம் குறைந்தால் வாயு மேலே வரும். கனம் கூடினால் பாறை பிளந்து, சேறு அதற்குள் ஓடிவிடும். பிளவை அடைக்க வாதுமை ஓடு, பருத்திவிதைத் தோல், மைக்கா என்று கிடைத்ததையெல்லாம் போட்டிருக்கிறார்கள். பிறகு, உள்ளே போய் இறுகிக்கொள்ளும் பிசின், பாலிமர் கலவைகள் வந்தன.

மெக்சிகோ வளைகுடாவில் பி.பி. நிறுவனத்தின் மகாண்டோ கிணறு. 2010 ஏப்ரல் 9 அன்று, 18,193 அடியில் சேறு பாறைக்குள் ஓடியது. 172 பீப்பாய் அடைப்புக் கலவையை இறக்கி நிறுத்தினார்கள். 20,200 அடி வரை போக நினைத்தவர்கள் 18,360 அடியோடு முடித்துக்கொண்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. இன்னொரு முறை ஓடினால் வேண்டுமே என்று தயாராக வைத்திருந்த இரண்டு வகைக் கலவைகள் மீந்துவிட்டன. கரைக்குக் கொண்டுபோனால் ஆபத்தான கழிவு என்று முறைப்படி அகற்ற வேண்டும். கிணற்றுக்குள் ஒரு சுற்று விட்டு எடுத்தால் கடலிலேயே கொட்டலாம்! எனவே ஏப்ரல் 20 அன்று சேற்றை எடுத்துவிட்டுக் கடல்நீரை நிரப்பும்போது, இரண்டுக்கும் நடுவே தடுப்பாக அந்தக் கலவைகளை ஒன்றாகக் கலந்து விட்டார்கள். அந்த வேலைக்கு அதை அங்கே யாரும் முன்பு பயன்படுத்தியதில்லை. முழுமையாகச் சோதிக்கவும் இல்லை.

அன்று மாலை, அடியில் போட்ட சிமென்ட் தாங்குகிறதா என்று சோதித்தார்கள். துளையிடும் குழாயில் சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு அழுத்தம். அதே கிணற்றோடு சேர்ந்த சிறு குழாயில் பூஜ்யம். ஒரே கணக்குக்கு இரண்டு விடை வந்தால் எங்கோ தப்பு என்று மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். இவர்கள் பூஜ்யத்தை நம்பினார்கள். அதற்கு ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டார்கள். பின்னால் விசாரித்த குழு கேட்ட நிபுணர்கள் யாரும் அதை ஏற்கவில்லை. அந்தக் கெட்டிக் கலவையே சிறு குழாயை அடைத்திருக்கலாம் என்று குழு எழுதியது.

மூல காரணம் சிமென்ட் தாங்காததுதான். அதைக் கண்டுபிடித்திருக்கக்கூடிய சோதனை இப்படிப் போனது. இரவு பத்து மணிக்குச் சற்று முன் வெடித்தது. மேடையில் இருந்த 126 பேரில் 11 பேர் இறந்தார்கள். இரண்டு நாளில் மேடையே மூழ்கியது.

மே மாதக் கடைசியில், பீறிடும் கிணற்றை அடைக்கச் சேற்றோடு கோல்ஃப் பந்துகளையும் ரப்பர் துண்டுகளையும் செலுத்திப் பார்த்தார்கள். நிற்கவில்லை. ஜூலை 15 அன்று, மேலே மூடி பொருத்தி அடைத்த பிறகுதான் எண்ணெய் நின்றது.