தன்னிழிவும் தோழமையும்: புதுக்கோட்டை கற்பிக்கும் மேய்ப்புப்பாடம்

மனச்சோர்வினால் வருந்தும் ஒருவர் இருவகைச் சுமைகளைத் தாங்குகின்றார். ஒன்று நோயின் சுமை. மற்றொன்று அந்நோயின்பொருட்டுத் தம்மைத் தாமே இழிவாய்க் கருதும் சுமை. அயலார் ஏளனத்தைக் கேட்டுக் கேட்டு, அதுவே உண்மையென உள்ளத்தில் ஏற்றுக்கொள்ளும் இந்நிலையைத் தன்னிழிவுணர்வு எனலாம். நோய்க்கு மருத்துவம் உண்டு. இவ்வுணர்வு எதனால் நீங்கும்? இவ்வினாவிற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தின் அண்மைக்கால வரலாறு ஒருவகையில் விடை பகர்கின்றது.

1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1974இல் தனி மாவட்டமாயிற்று. வறட்சி மிகுந்த இம்மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. ஆட்சித்தலைவர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியும் சிற்றூர்ப் பெண்களுக்கு அளிக்கப்பட்டது. முதலில் ஏளனப் பேச்சுகள் எழுந்தன. ஒருத்தி மட்டும் தனித்து மிதிவண்டியில் ஏறியிருப்பாளாயின், அவ்வேளனம் அவளை இறக்கிவிட்டிருக்கும். பல்லாயிரவர் கூடி ஏறியதால் ஏளனமே அடங்கிற்று. இவ்வியக்கம் மனநோயைப் பற்றியதன்று. எனினும், இழிவுணர்வு அறிவுரையால் அன்று, கூட்டுறவால் அகலும் என்பதற்கு இது சான்றாகும்.

மனநலத் துறையிலும் இம்மாவட்டம் ஒரு முன்மாதிரியைக் கண்டது. மருத்துவர் சாரதா மேனன் முதலானோர் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் நிறுவனம், 2010இல் இங்கு ஊர்தி வழி மனநலப் பணியைத் தொடங்கிற்று. பேருந்து ஒன்று சிற்றூர்களுக்குச் சென்றது. அதனுள் அமர்ந்த நோயாளர், திரையின் வாயிலாகச் சென்னை மருத்துவரோடு உரையாடினர். மருந்தும் அவ்விடத்திலேயே கிடைத்தது. இப்பணி முதன்மையாகக் கடும் மனநோயுற்றோரைக் கருதியது. ஆயினும், ஊர்ப் பணியாளர் வீடுதேடிச் சென்று குடும்பத்தாரோடு உறவு கொண்டமையே இதன் உயிர்நாடி எனலாம். இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், அண்டை மாவட்டமாகிய இராமநாதபுரத்தின் ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6 அன்று, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கிரையாயினர். மறைத்து வைப்பதற்கும் தேடிச் செல்வதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

திருச்சபை வரலாறும் இதற்கு ஒத்துரைக்கின்றது. தாமே உளத்துயரில் உழன்ற லுத்தர், அத்தகையோர் தனிமையை விட்டு நண்பரை நாடவேண்டுமெனத் தம் கடிதங்களில் வற்புறுத்தினார். பாமாலை ஆசிரியர் வில்லியம் கூப்பர், 1773க்குப் பின் தாம் கடவுளால் தள்ளப்பட்டவரென நம்பி, ஆராதனைக்குச் செல்வதையும் விட்டார். தன்னிழிவின் கொடிய வடிவம் இதுவன்றோ! போதகர் ஜான் நியூட்டன் அவரைக் கடிந்து தள்ளவில்லை. ஓராண்டிற்கு மேலாகத் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார். கூப்பர் 1800இல் இறக்குமட்டும் அந்நம்பிக்கை முற்றிலும் நீங்கவில்லை. ஆயினும், நண்பர்களின் துணையால் அவர் மீண்டும் எழுதினார். 1785இல் அவரது பெருங்கவிதை வெளிவந்தது. நட்பு மருத்துவத்திற்கு ஈடாகாது; எனினும், நோயுற்றவரின் ஆற்றல் மடிந்துபோகாமல் அது காக்கும்.

இனி நம்மையே நாம் ஆராய்தல் வேண்டும். மனச்சோர்வு விசுவாசக் குறைவின் அடையாளமென நம் பிரசங்க பீடங்களிலிருந்து கூறப்படுவதுண்டு. அதைக் கேட்கும் நோயுற்ற சகோதரி, ஊராரின் ஏளனத்தோடு கடவுளின் தீர்ப்பும் சேர்ந்துவிட்டதாக எண்ணி வாய்மூடுகின்றாள். உதவி தேடவேண்டிய இடமே அவளுக்கு அடைபடுகின்றது. சூரைச்செடியின் கீழ்ச் சாவை விரும்பிய எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டான், அப்பம் அளித்தான். பின்னர் எலியாவுக்குப் பணியும், எலிசா என்னும் துணையும் அருளப்பட்டன. உணவு, ஓய்வு, பணி, துணை என்னும் இவ்வரிசை மேய்ப்பர் மறக்கத்தகாதது.

எனவே, மனச்சோர்வுற்றோரை நாம் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக. அவர்தம் இல்லங்களைத் தேடிச் செல்வோமாக. அவர்களை இரக்கத்திற்குரிய பொருளாக மட்டும் வைத்திராமல், பாடகர் குழுவிலும் மாதர் சங்கத்திலும் ஆலோசனைச் சபையிலும் அவர்களுக்குரிய இடத்தை அளிப்போமாக. தன் இடத்தைப் பெற்றவரே தன் மதிப்பையும் மீளப் பெறுவார். புதுக்கோட்டைப் பெண்கள் தனித்து மிதிவண்டி ஏறவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்வது நன்று.