லயமும் எல்லையும்: தேவிகுளம் மலையில் ஒரு விடுதலைக் கோரிக்கையின் வரலாறு

கேரளத்தின் கிழக்கு எல்லை மலைகளில் தேயிலை பறித்து வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் வரலாற்றில் ஒரு முரண் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதலில், அவர்கள் மலையை விட்டுப் போகக் கூடாது என்று சட்டம் தடுத்தது. பிறகு, எப்படியும் போய்விடக் கூடியவர்கள் என்று சொல்லி அரசியல் அவர்களை அந்த மண்ணின் மக்களாக ஏற்க மறுத்தது. இவ்விரண்டுக்கும் இடையில்தான் அவர்களது விடுதலைப் போராட்டம் நடந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பம் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக் கொடுத்தது. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. காட்டை அழித்துத் தோட்டமாக்கக் கைகள் தேவைப்பட்டன. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் நொந்திருந்த நிலமற்ற குடும்பங்களிடம் ஆள் சேர்க்கும் கங்காணிகள் முன்பணத்தோடு போனார்கள். வாங்கிய முன்பணமே விலங்கானது. வேலையை விட்டு ஓடுவது குற்றம் என்றது 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம்; மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காட்டுப் பகுதிக்கு அது நேரடியாகவே பொருந்தியது. சம்பளப் பாக்கி ஒரு சிவில் வழக்கு; கூலியாள் ஓடிப்போனால் கிரிமினல் குற்றம். சட்டத்தின் கண்ணில் முதலாளியும் தொழிலாளியும் இவ்வளவு வெளிப்படையாக வேறுபடுத்தப்பட்டதற்கு நம் வரலாற்றில் அதிகம் எடுத்துக்காட்டுகள் இல்லை.

இந்தக் காலத்தை உள்ளிருந்து பதிவுசெய்தவர் ஒரு மருத்துவர். பாலக்காட்டையும் இடுக்கியையும் தொட்டுக் கிடக்கும் ஆனைமலைத் தோட்டங்களில் பணியாற்றியவரும் தொழிற்சங்கம் கட்ட உழைத்தவருமான பால் ஹாரிஸ் டேனியல், 1969இல் 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவலை வெளியிட்டார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழுக்கு அது வந்து சேரவே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. யாருடைய கதையோ அவர்கள் மொழியில் அது இல்லாமலேயே இரண்டு தலைமுறைகள் கடந்துவிட்டன. 2013இல் பாலா இயக்கிய 'பரதேசி' அதைத் திரைக்குக் கொண்டுவந்தபோது, நாவலில் மனிதநேயத்தோடு வரும் மருத்துவர் மதம் பரப்பும் கேலிப் பாத்திரமாக மாறினார். கொடுமையைக் காட்டுவதில் படம் தயங்கவில்லை. ஆனால் தொழிலாளியோடு நின்றவரைக் கோமாளியாக்கிய இடத்தில் அது வரலாற்றுக்கு அநீதி செய்தது என்றே கருதுகிறேன்.

சுதந்திரத்துக்குப் பின் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் மிகுந்த தெற்குத் தாலுகாக்களோடு தேவிகுளம், பீருமேடு ஆகியவற்றையும் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கோரியது. 1954இல் தேவிகுளத்தில் நடந்த போராட்டத்தில் அக்கட்சியின் தலைவர் மார்ஷல் நேசமணி கைதானார். அந்த ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. சொந்தக் கட்சி ஆட்சி என்றும் பாராமல், பட்டம் தாணு பிள்ளை அரசு பதவி விலக வேண்டும் என்றார் ராம் மனோகர் லோகியா.

1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அறிக்கை தந்தது. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் 72 விழுக்காடு என்று அதற்குத் தெரியும். ஆயினும் அந்தப் பெரும்பான்மை தோட்டக் கூலிகளாக வந்து போவோரால் ஆனது என்று காரணம் காட்டி, இரு தாலுகாக்களையும் கேரளத்துக்கே விட்டது. நிலவியல், பொருளாதாரக் காரணங்களும் சொல்லப்பட்டன. அவற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்களை வந்து போவோர் என்று எண்ணியதில்தான் பழைய கங்காணிக் கணக்கின் சாயல் தெரிகிறது.

எல்லை முடிவான பிறகு அரசியல் சிவப்புக் கொடிக்கு நகர்ந்தது. பாட்டும் கூடவே வந்தது. 1957இல் தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாக, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு மலையேறினார். மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் கட்சியின் சொற்களை ஏற்றி, தோட்டம் தோட்டமாகப் பாடினார். எழுத்தறிவு வாய்க்காத மக்களிடம் துண்டறிக்கை செய்யாததைப் பாட்டு செய்தது. அவரது பாட்டுக் குழுவில் சேர்ந்த தம்பிதான் பின்னாளில் இளையராஜா. ரோசம்மா மீண்டும் வென்றார். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் மூணாறு வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு இரண்டு தொழிலாளர்கள் இறந்தனர். எந்த ஆட்சிக்காகப் பாடினார்களோ அந்த ஆட்சியின் போலீஸ் அது. இந்த மலையின் அரசியலைப் பேசுபவர்கள் இடைத்தேர்தல் வெற்றியை நினைவுகூரும் அளவுக்கு இச்சாவுகளை நினைவுகூர்வதில்லை.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பள்ளி ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கியது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டதால், ஓய்வு பெற்றவர் லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். மகனோ மகளோ கொழுந்து பறிக்கப் போனால்தான் குடும்பம் அங்கே தங்கலாம். சிறைத் தண்டனை எப்போதோ போய்விட்டது. கட்டு மட்டும் மாறவில்லை.

2015 செப்டம்பரில் அந்தக் கட்டை உலுக்கியவர்கள் பெண்கள். போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் மூணாறு சாலையில் அமர்ந்தனர். நாட்கூலி 232 ரூபாயை 500 ஆக்கக் கேட்டனர். எல்லாக் கட்சிச் சங்கத் தலைவர்களையும் அருகே வரவிடவில்லை. தங்கள் பெயரில் யாரும் பேரம் பேச வேண்டாம் என்றனர். ஒன்பது நாளில் போனஸும் கருணைத் தொகையுமாக 20 விழுக்காடு கிடைத்தது. கூலி பின்னர் 301 ரூபாய் ஆனது. அவர்கள் அமைப்பின் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் நாடெங்கும் பரவியது. அதன் முன்னணியில் நின்ற கோமதி அவ்வாண்டே தேவிகுளம் ஒன்றிய ஊராட்சிக்குத் தேர்வானார். அமைப்பு பின்னர் பிளவுபட்டுத் தேய்ந்தது உண்மை. எனினும் முதுகில் கூடை சுமந்தவர்களே பேச்சுவார்த்தையின் ஒரு தரப்பாக நின்றது இந்த மலை அதுவரை காணாதது. என் பார்வையில் 1958ஐவிட இதுவே பெரிய திருப்பம்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். சில நாள் கழித்து முதலமைச்சர் வந்தபோது கோமதி அவரது வாகனத்தை மறிக்க முயன்றார். போலீசார் அவரை அப்புறப்படுத்தினர். அவர் கேட்டது தோட்டத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக நிலமும் அதில் ஒரு வீடும்.