குச்சவெளிப் பிரதேசத்து ஊர்மரங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்தின் கிழக்குக் கரையோர வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோயில், குளம், கோட்டை, துறைமுகம் என்பனவற்றிற் செலுத்திய கவனத்தை அவற்றின் அருகே நின்ற மரங்களிற் பெரிதும் செலுத்தினாரல்லர். திருகோணமலை நகருக்கு வடக்கே, கடலோரமாக ஏறத்தாழ 34 கிலோமீற்றர் தொலைவில் அமைந்தது குச்சவெளி. இவ்வூரையும் இதனைச் சூழ்ந்த மாவட்டத்தையும் களமாகக் கொண்டு, இங்கு மரம் எவ்வெவ்வாறு மதிக்கப்பட்டு வந்தது என்பதையும், ஊர்ப் பொதுவிடத்து மரம் ஏன் இன்று காப்பற்று நிற்கின்றது என்பதையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இடப்பெயர்களை நோக்குவாம். குச்சவெளி, நிலாவெளி என்னும் பெயர்களின் ஈற்றில் நிற்கும் 'வெளி' என்னுஞ் சொல் திறந்த நிலப்பரப்பைக் குறிப்பது. வடகீழ்ப் பருவக்காற்றினால் ஆண்டிறுதியில் மழைபெறும் இந்நிலம், ஆண்டின் நடுப்பகுதியிற் கச்சான் காற்றினால் வறண்டு காய்வது. இத்தகைய நிலத்திலே மரம் நின்ற இடம் தனியே குறித்துச் சொல்லத்தக்கதாயிற்று. நகரையடுத்த பாலையூற்று, இலுப்பைக்குளம் என்பனவும் கிண்ணியாவை அடுத்த ஆலங்கேணியும் இதற்குச் சான்றாம். இம்மூன்று பெயர்களிலும் மரம் நீரோடு சேர்ந்தே வருதல் மனங்கொள்ளத்தக்கது. மரமும் நீரும் ஒருங்கே அமைந்தவிடத்து ஊர் அமைந்தது எனக் கொள்ளுதல் தவறாகாது. குச்சவெளிப் பிரதேசத்தின் வட எல்லையிலுள்ள தென்னமரவாடியின் பெயரைத் 'தென்னன் மரபு அடி' என விளக்குவோர் உளர். தென்னைமரம், வாடி எனப் பிரித்தலும் சொல்லமைப்புக்குப் பொருந்துவதே. இதுபற்றி முடிபு கூறுதல் எளிதன்று.

இனி, மரம் வாணிகப் பொருளான வரலாற்றைக் காண்போம். சாவண்டலை என நம்மவரும் அல்மில்லை எனச் சிங்கள மக்களும் வழங்கும் மரம், வெளிநாட்டு வணிகரிடையே 'திருகோணமலை மரம்' என்றே பெயர் பெற்றிருந்தது. துறைமுகம் அமையாத அக்காலச் சென்னையில், அலைகளுக்கு ஈடுகொடுத்துக் கரைசேரும் மசூலாப் படகுகளைக் கட்டுதற்கு இம்மரம் கடல் கடந்து சென்றது. சேர் எமேர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இதனைக் குறிப்பிடுகின்றார். நமது மாவட்டத்தின் பெயரை உலகறியச் செய்தவற்றுள் துறைமுகத்தோடு மரமும் ஒன்று எனலாம்.

ஆயின், வெட்டிய மரத்துக்கு விலை இருந்தது போல நின்ற மரத்துக்கும் ஒரு மதிப்பிருந்தது. கோணேசர் ஆலயத்தின் தலவிருட்சம் கல்லால மரம் என்பது மரபு. கொட்டியாரக் குடாவில் நிகழ்ந்ததொன்று இவ்விருவகை மதிப்பையும் ஒருங்கே காட்டுகின்றது. 1659ஆம் ஆண்டின் இறுதியிற் புயலினாற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதிய பாய்மரம் நாட்டுதற்பொருட்டு அக்குடாவிற்கு வந்தது. 1660இற் கப்பற்றலைவரும் அவர் மகன் ரொபேட் நொக்ஸும் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். மகன் 19 ஆண்டுகள் கழிந்த பின்னரே தப்பிச் சென்றார். மூதூரில் அவர்கள் பிடிபட்டதாகக் கருதப்படும் புளியமரத்தடியில் 1893இல் நினைவுக்கல் நாட்டப்பட்டது. மரம் தேடி வந்தோரின் வரலாறு ஒரு மரநிழலில் நினைவுகொள்ளப்படுகின்றது. ஊர்மரம் ஓர் ஆவணமுமாகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதின்று.

மரத்துக்குரிய சட்டக் காப்பு யாது? நமது காணி உறுதிகளில் வீடு, கிணறு என்பனவற்றோடு 'வான்பயிர், செய்பயிர்' என எழுதுதல் வழக்கம். வான்பயிர் என்பது வளர்ந்தோங்கிய மரம். எனவே வளவினுள் நிற்கும் மரம் உடைமையாகப் பதிவு பெறுகின்றது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம்வெட்டுதற் கட்டுப்பாட்டுச் சட்டம் குறித்துரைக்கப்பட்ட மரங்களைப் பற்றியது. பலா, ஈரப்பலா, பெண்பனை போன்றவை அதன் காப்பினுள் வந்தன. இவை பெரும்பாலும் உணவு தருவன. சந்தியிலும் பாடசாலை வாயிலிலும் கோயில், பள்ளிவாசல் முன்றில்களிலும் நின்று நிழலொன்றையே தரும் மரத்துக்கோ, நெடுங்காலமாக ஊர் வழக்கமே காவலாக இருந்து வந்துள்ளது.

வழக்கம் நிலைத்தற்கு ஊர் நிலைத்திருத்தல் வேண்டும். 1964ஆம் ஆண்டு டிசெம்பரிற் புயல் இக்கரையைத் தாக்கியது. 1984இற் தென்னமரவாடி மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். 2009இற் போர் முடிந்த பின்னரே மீளத் தொடங்கினர். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை குச்சவெளிக் கரையோரத்தையும் அழித்தது. இடம்பெயர்ந்து மீண்டோர் வீட்டைச் சில மாதங்களிற் கட்டலாம். வீதியை ஓராண்டில் அகலமாக்கலாம். தந்தையர் நிழலுக்கு ஒதுங்கிய மரத்தை மீளப் பெறுதற்கு ஒரு தலைமுறை வேண்டும். மீள்கட்டுமானத்திற் சிமெந்தும் தாரும் கணக்கிடப்படும். பெயர்த்தெடுக்கப்படும் நிழலுக்குக் கணக்கில்லை.

மரவரிசை பேரலையை முற்றாகத் தடுத்துவிடும் எனக் கூறுதல் மிகையாகும். நாம் அவ்வாறு கூறவில்லை. நாட்தோறும் நிகழும் பயனே நம் கருத்து. இலைவழி வெளிப்படும் நீராவி சூழலைக் குளிர்விக்கின்றது. வேர்பரவிய மண் மழைநீரை உள்வாங்குகின்றது. கடலோர மணற்பாங்கில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதத்தலின், நிலம் உள்வாங்கும் ஒவ்வொரு துளியும் கிணற்றுக்கு உரியது. நகராகி வரும் ஊர்களில், பேருந்துக்குக் காத்து நிற்கும் முதியோரும் நண்பகலிற் பாடசாலை விட்டு நடக்கும் சிறுவரும் கச்சான் காலத்தில் இம்மதிப்பை உடலால் அறிவர். சிங்கப்பூர் 1963இலேயே மரநடுகையை அரசின் பணியாக மேற்கொண்டது. அதுவும் துறைமுக நகரே; நமக்கு முற்றிலும் அயலான எடுத்துக்காட்டன்று.

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின், விலையுடைய மரத்தை வாணிகமும், வளவு மரத்தை உறுதியும், உணவு மரத்தைச் சட்டமும் அறிந்துள்ளன. பொதுமரத்தை அறிந்த ஆவணமே இல்லை என்பதாம். குச்சவெளிப் பிரதேச சபை போன்ற உள்ளூர் மன்றங்கள், பொதுவிடத்து முதுமரங்களை இடம், இனம், ஊரார் கூறும் வரலாறு என்பனவற்றோடு ஏட்டிற் பதிதல் வேண்டும். அவற்றை வெட்டுதற்கு முன் ஊரவரைக் கேட்டல் வேண்டும். கிராமந்தோறும் முதியோர் சொல்வதைக் கேட்டெழுதும் பணியை நமது மாணவர் மேற்கொள்ளலாம். கல்லிற் பொறித்த எழுத்தைப் படியெடுக்க நாம் கற்றுள்ளோம். மரத்தடியில் வாழும் நினைவைப் படியெடுத்தற்கு, அம்மரம் நிற்கும்போதே செல்லுதல் வேண்டும்.