கண்டிச் சிறையில் ஒரு துறவி



கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பாதையில், தெல்தெனியாவைக் கடந்தால் ஹுன்னஸ்கிரிய மலைத்தொடர் எதிரே எழுந்து நிற்கும். அதனை அடுத்த மெதமகாநுவரையிலேதான் 1815ஆம் ஆண்டு கண்டியின் இறுதி மன்னன் பிடிபட்டான். இம்மலைகளும், இவற்றைச் சூழ்ந்த காடும், மகாவலி கங்கையுமே கண்டி இராச்சியத்துக்கு அரணாக விளங்கின. அவ்வரணுக்குள் அகப்பட்ட அந்நியன் வெளியேறுவது அரிது. ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் 1660இல் சிறைப்பட்டுத் தப்பி ஓட வழி தேடியே காலம் கழித்தார். 1679இலேதான் அவருக்கு அது கைகூடிற்று. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர், 1692இல், வேறொரு கிறிஸ்தவர் அதே இராச்சியத்துக்குள் தாமே விரும்பிப் புகுந்தார். அவர்தான் யோசவ் வாஸ் அடிகளார். ஒருவர் தம் சமயத்துக்கு முழுமனத்துடன் தம்மை ஒப்புக்கொடுத்தால் அதற்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதை அவர் வரலாறு கொண்டு இன்று ஆராய்வோம்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அவர்களும் கிறிஸ்தவர்களே, எனினும், கத்தோலிக்க மதத்தைத் தம் பகைவராகிய போர்த்துக்கேயரின் மதமென்றே கருதினர். குருமார் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என அறிவிக்கப்பட்டது. மறுபுறம், ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றோருக்கே அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. ஆகவே, ஒரு சமயத்தைக் கைவிடாதிருப்பதற்குத் தண்டனையும், மற்றொன்றைத் தழுவுவதற்கு ஊதியமும் ஒருங்கே காத்திருந்தன.

இந்நிலையைக் கேள்வியுற்ற யோசவ் வாஸ், கோவாவிலிருந்து புறப்பட்டார். 1651இல் பெனோலிம் என்ற ஊரிற் பிறந்த இவர், கொங்கணிப் பிராமண குலத்தவர். ஐரோப்பியக் குரு ஒருவர் கரையில் இறங்கியதும் இனங்காணப்படுவார். ஆனால் இவரோ இந்நாட்டு மக்களுள் ஒருவராய்க் கலந்துவிடக் கூடியவர். 1687இல், தூத்துக்குடியிலிருந்து வறியவர் கோலத்தில் கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். வந்ததும் கொடிய வயிற்றுளைச்சல் அவரை வாட்டிற்று. நோய் தீர்ந்தபின் இரவிலே வீடு வீடாகச் சென்று வழிபாடு நடத்தினார்.

ஆனால், அதற்குரிய விலையை அவர் ஒருவரே கொடுத்தாரல்லர். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் வழிபாட்டுக்குக் கூடிய மக்களை ஒல்லாந்தர் கைது செய்தனர். குரு தப்பினார், மக்களுட் சிலர் சாட்டையடி பட்டுக் கோட்டையில் வன்பணி புரிய நேர்ந்தது. அடிகளாரைப் போற்றுவோர் பலர். கதவைத் திறந்து அவரை உள்ளே அழைத்த அக்குடும்பங்களை நினைவுகூர்வோரோ சிலரே. குருவுக்கு ஓடி ஒளிய வழி இருந்தது. வயலும் வீடும் மக்களும் உடைய குடியானவர் எங்கே ஓடுவார்?

பின்னர் அடிகளார் புத்தளம் வழியாகக் கண்டியை அடைந்தார். இவர் போர்த்துக்கேய ஒற்றர் எனப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் அரசவையில் முறையிட்டார். இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையிலிட்டான். சிறையிலே அவர் சிங்களம் பயின்றார். காவல் சிறிது தளர்ந்தபோது ஒரு சிறு குடிலை வழிபாட்டிடமாக அமைத்தார். நாளடைவில் அவர் ஒற்றரல்லர் என மன்னன் தெளிந்து, நடமாடும் உரிமை அளித்தான். கிறிஸ்தவ ஆட்சியில் துன்புறுத்தப்பட்ட ஒரு கிறிஸ்தவருக்குப் பௌத்த மன்னன் புகலிடம் அளித்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

1697இல் கண்டி நகரில் அம்மை நோய் பரவியது. இயன்றவர் நகரை நீங்கினர். நோயுற்றோர் காட்டோரத்திலே கைவிடப்பட்டனர். அடிகளாரும், அவர் மருகரான யோசவ் கர்வாலோ அடிகளாரும் அவர்களுக்குக் குடில் அமைத்து, உணவூட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தனர். எச்சமயத்தவர் என்று அவர்கள் வினவவில்லை. அடிகளாரின் வாதங்களால் விளையாத நம்பிக்கை இத்தொண்டினால் விளைந்தது.

இருபத்து நான்கு ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்த அவர், கோவாவுக்கு மீளவேயில்லை. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் தேதி கண்டியிலே உயிர் நீத்தார். பிற்காலத்தில், ஸ்ரீ விஜய ராஜசிங்கன் ஆட்சியில் குருமார் வெளியேற்றப்பட்டனர், ஆலயமும் அழிந்தது. அடிகளாரின் கல்லறை இருந்த இடமும் மறைந்து போயிற்று. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆந் தேதி, கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். தலையிலே முடி சூட்டப்பட்டது. உடல் கிடக்கும் இடமோ புலப்படவில்லை.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி வீழ்ந்ததும், உத்தியோகத்துக்காகச் சபை இடாப்பிற் பெயர் பதிந்தோர் பெருந்தொகையாகப் பழைய சமயங்களுக்கே திரும்பினர். அவர்களை நாம் இகழ வேண்டியதில்லை. பிழைப்புக்காக மனிதன் தலை குனிவது உலக வழக்கு. அவ்வாறு குனியச் செய்த ஆட்சியே பழிக்குரியது. ஆனால், பரிசு எதுவுமின்றித் தண்டனையை மட்டுமே எதிர்நோக்கிய கத்தோலிக்க மக்கள், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் நிலைத்து நின்றனர். அரசு கொடுத்த நம்பிக்கையை அந்த அரசின் வீழ்ச்சியே கொண்டு சென்றது. தாமே விலை கொடுத்துக் காத்தவர்களிடம் அது தங்கிற்று.

எச்சமயத்தவராயினும், பிறர் நம்பிக்கைக்கு நாம் தண்டனையும் விதியாது, கூலியும் கொடாது இருப்பதே அம்மக்கள் பட்ட பாட்டுக்கு நாம் செய்யத்தக்க மரியாதையாகும்.