வயிற்றுக்கு ஏத்தன்: காய் எப்போது, பழம் எப்போது?

மணவாளக்குறிச்சியில் பழக்கடைக்குப் போனால் ஏத்தன் குலை தொங்காமல் இருக்காது. வெளியூரில் இதை நேந்திரம் என்பார்கள். வயிறு சரியில்லை என்றதும் நம் வீடுகளில் முதலில் கைக்கு வருவதும் இதுதான். ஆனால் காயா, பழமா என்று பாராமல் கொடுத்துவிடுகிறோம். இரண்டின் வேலையும் வேறு.

காயில் பெரும்பாலும் மாவுச்சத்துதான். அதில் ஒரு பங்கு செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நல்ல நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. அவை உண்டாக்கும் அமிலங்கள், குடல் நீரையும் உப்பையும் உறிஞ்ச உதவுகின்றன. வங்கதேசத்தில், பல நாள் வயிற்றுப்போக்கால் வாடிய கைக்குழந்தைகளுக்கு அரிசி உணவோடு வேகவைத்த வாழைக்காயையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வில், வெறும் அரிசி உணவு சாப்பிட்டவர்களைவிட இவர்கள் சீக்கிரம் தேறினார்கள்.

ஆகவே வயிற்றுப்போக்கு என்றால் காய். தோலோடு இரண்டாக நறுக்கி 20 நிமிடம் வேகவைத்து, தோலுரித்து மசித்து, உப்பும் சிறிது சீரகத்தூளும் சேர்த்துக் குழைந்த கஞ்சியில் கலந்து இளஞ்சூட்டில் கொடுக்கலாம். உப்பு சர்க்கரைக் கரைசலுக்கு (ஓ.ஆர்.எஸ்.) இது மாற்றல்ல, அதையும் தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

மலச்சிக்கல் என்றால் காயைத் தொடவே வேண்டாம், சிலருக்கு இன்னும் இறுகிவிடும். தோலில் கரும்புள்ளி விழுந்த நல்ல பழமாக எடுத்து, இட்லிச் சட்டியில் தோல் வெடிக்கும்வரை அவியுங்கள். 10 முதல் 15 நிமிடம் போதும். நடுவிலுள்ள கருப்பு நாரை நீக்கி, தேங்காய்த் துருவலும் ஏலத்தூளும் தூவினால் ஆயிற்று. பழமே இனிப்பு, சர்க்கரை எதற்கு?

அவிப்பதால் நார்ச்சத்து கூடிவிடாது. வைட்டமின் சி கொஞ்சம் குறையவும் செய்யும். பல் இல்லாத பெரியவர்களும் எளிதாகச் சாப்பிடலாம் என்பதே அதன் லாபம். ஆப்பிளை வேகவைத்துப் பட்டைத்தூள் தூவும் காணொளிகள் இப்போது நிறைய வருகின்றன. தவறில்லை, ஆனால் அதற்காக விலை கூடிய பழத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

நோன்பு காலத்தில் பகலெல்லாம் தண்ணீர் இல்லாமல், இஃப்தாரில் வடையும் சமோசாவுமாகப் போகும்போது பலருக்கும் மலம் இறுகிவிடுகிறது. ஐந்து பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி, ஒரு கைப்பிடி உலர் திராட்சையோடு ஒரு டம்ளர் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, இரண்டு பேர் சாற்றோடு சாப்பிடலாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நார்ச்சத்தைக் கூட்டினால் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே தண்ணீரையும் கூட்ட வேண்டும். இல்லையேல் பலன் தலைகீழாகும்.

ஆறு மாதம் கடந்த குழந்தைகளுக்கு நம் மாவட்டத்து மட்டிப்பழமே போதும். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை அவிக்க வேண்டியதில்லை, மசித்தால் சரி. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எதிலும் தேன் கலக்கக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தான நச்சு நோயைத் தரலாம்.

சர்க்கரை நோயாளிகள் அரைப் பழத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வாழையில் பொட்டாசியம் அதிகம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, குழந்தைக்குக் கண் குழிவிழுந்து சிறுநீர் குறைதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.