பழைய மோட்டார் வண்டியும் தீவகத்தாரும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணையூடாகப் புங்குடுதீவை அடையும் சாலை குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிந்துவிடுகின்றது. அதற்கு அப்பால் கடல். நெடுந்தீவுக்குச் செல்வோர் அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகிற் பயணஞ் செய்தல் வேண்டும். நெடுந்தீவிலே ஒருவர் கடுமையாக நோயுற்று, அவரை யாழ்ப்பாணப் பெரியாசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல நேரின், முதலிலே படகு. அதன் பின்னர் துறையிலிருந்து மோட்டார் வண்டி. கடல் இடங்கொடுத்துப் படகு கரை சேர்ந்த பின்பும் வண்டி புறப்பட மறுத்தால், அவ்வளவு பாடும் வீண். ஆகவே, நம்பத்தக்க வண்டி எது என்னும் வினா தீவகத்தாருக்கு வெறும் வசதியைப் பற்றிய வினாவாக என்றும் இருந்ததில்லை. நேயர்கள் இதனை மனத்திற் கொண்டு மேலே வருவனவற்றைக் கேட்பது நன்று.

வாகனத்தின் தரம் பார்த்தல் நெடுந்தீவுக்குப் புதியதன்று. ஒல்லாந்தர் காலத்தில் அத்தீவிலே குதிரைகள் வளர்க்கப்பட்டன. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில், நோலன் என்னும் படை அதிகாரியின் மேற்பார்வையில் அத்தொழில் நடைபெற்றது. அக்குதிரைகளின் வழித்தோன்றல்கள் எனக் கருதப்படுவன இன்றும் தீவின் தென்புறத்து வெளிகளிலே கட்டின்றித் திரிகின்றன. குதிரை வாங்குவோன் பல்லைப் பார்ப்பான். குளம்பைத் தட்டிப் பார்ப்பான். பூண்டிருக்கும் சேணத்தைக் கண்டு அறிவுடையோன் விலை பேசுவதில்லை. பின்னாளில் மோட்டார் வண்டி வாங்கியவர்களும் ஏறக்குறைய இதையே செய்தனர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளிலே நெடுங்காலம் செங்கோல் செலுத்தியவை பிரித்தானிய வண்டிகளே. மொறிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஆகிய பெயர்கள் அங்கே சிறுவர்க்கும் தெரிந்தவை. இவற்றுள் மைனரின் கதை சுவையானது. அலெக் இசிகோனிஸ் என்பார் அமைத்த அவ்வண்டி 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. செய்து முடிக்குந் தறுவாயில் அது மிக ஒடுக்கமாய் இருப்பதாக அவருக்குத் தோன்றவே, வண்டியை நடுவே பிளந்து நான்கு அங்குலம் அகலமாக்கினார். முன்னரே செய்துவைத்த மோதுதாங்கிகளை வீணாக்க மனமின்றி, அவற்றையும் நடுவே வெட்டி ஒட்டுப்போட்டனர். நிறுவனத் தலைவரான நஃபீல்ட் பிரபுவுக்கோ அதன் தோற்றமே பிடிக்கவில்லை. பிரபுவின் வெறுப்பையும் மீறி அது ஏறக்குறைய 16 இலட்சம் வண்டிகளாகப் பெருகிற்று. ஒட்டுப்போட்டுப் பிழைக்கும் கலை அதன் பிறப்பிலேயே இருந்தது என்று யாழ்ப்பாணத்து மெக்கானிக் ஒருவர் சொல்வாராயின் மறுத்தற்கில்லை.

இங்கிலாந்திலே புதிதாய் விற்ற வண்டி இங்கே ஏன் பழைய வண்டியாய்க் கைமாறிக்கொண்டே இருந்தது? காரணம் அந்நியச் செலாவணி. 1960களின் தொடக்கத்தில் இலங்கையின் கையிருப்பு வற்றியபோது, மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அந்தக் கதவு இன்னும் இறுக்கமாய் மூடிக்கிடந்தது. எனவே நாட்டிலுள்ள வண்டிகளே உலகம் என்றாயிற்று. ஆசிரியரும், எழுதுவினைஞரும், புகையிலைத் தோட்டக்காரரும், சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தோடு வாடகைக்கார் ஓட்டப் புறப்பட்ட இளைஞரும், ஏற்கெனவே மூவர் நால்வர் கையில் உழைத்த வண்டிகளிலிருந்தே ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியதாயிற்று.

வண்டியின் வயதை இலக்கத் தகடே சொல்லிற்று. ஆங்கில எழுத்துத் தகடு இருப்பின் அது பழையது. சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருப்பின் 1957ஆம் ஆண்டிற்குப் பின்னர் பதிவானது. அவ்வெழுத்தை எதிர்த்து 1957, 1958ஆம் ஆண்டுகளில் தமிழ்ப் பகுதிகளில் எழுந்த போராட்டத்தை வரலாறு அறியும். பிற்காலத்தில் வண்டி வாங்க வந்தவனுக்கோ அதே எழுத்து வயதுச் சான்றிதழாகவும் பயன்பட்டது.

ஆயினும், தகட்டை மட்டும் நம்பி வாங்கியவர் ஏமாந்தார். உப்புக்காற்றுத்தான் தீவகத்தின் பெரிய பகைவன். மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. தகட்டுடலே அதன் எலும்பும் தோலுமாகும். எனவே கறள் பிடித்த வண்டிக்கு மேலே எத்துணைப் பளபளப்பான மை பூசினாலும் உள்ளே எலும்பு உளுத்துவிட்டது என்பதே பொருள். விவரம் அறிந்தவர்கள் கால்மிதியை விலக்கித் தரையைப் பார்த்தார்கள்; கதவின் கீழ்ப்புறத்தையும், பின்வில்லைத் தாங்கும் இடத்தையும் திருப்புளியாற் குத்திப் பார்த்தார்கள். முன்சில்லின் கீழ்ப்பக்கத் திருகுமூட்டுக்குக் கிறீஸ் இட்டார்களா என்று கேட்டார்கள். அது தேய்ந்து கழன்றால் ஓடும்போதே சில்லு மடிந்து வண்டி முகங்குப்புற விழும். இயந்திரம் புகைத்தால் அஞ்சுதல் வேண்டா, அதனைப் பிரித்துப் பூட்டலாம். தரை போனால் அஞ்சுதல் வேண்டும் என்பது பட்டறைகளிலே நிலவிய நியாயம். நல்ல நியாயமே.

விலை மலிவு என்பதன் உண்மைப் பொருளும் அங்கேதான் விளங்கிற்று. வாங்கும்போது கொடுக்கும் காசு ஒரு பங்கு. உதிரிப்பாகம் கிடைக்குமா, கிடையாவிடின் உள்ளூர்க் கடைசற்பட்டறையில் அதனைச் செய்துகொள்ளலாமா, அதைத் தொட்டறிந்த கை அருகில் உண்டா என்பன மற்றைப் பங்குகள். வேறொரு நாட்டின் பெருமை வாய்ந்த வண்டியை மலிவாக வாங்கி, ஒரு சிறு வளையத்துக்காக மாதக்கணக்கில் முற்றத்தில் நிறுத்தி வைப்பதிலும், அயலிலுள்ள மெக்கானிக்குக்குப் பழக்கமான ஒஸ்டினைச் சற்றுக் கூட்டிக் கொடுத்தேனும் வாங்குவது மலிவு.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் யப்பானிய வண்டிகள் வந்தன. அவை மென்மையாக ஓடின. எரிபொருளும் குறைவாகக் குடித்தன. பழைய ஆங்கில வண்டிகளின் காலம் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணினர். போர் அதனை வேறாக எழுதிற்று.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதன் பின், குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடுக்கப்பட்டது. கள்ளவழியில் வந்த சிறிதளவும் பொன்விலை விற்றது. அப்பொழுது பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. இஃது மாயமன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதன் பின்னர் 1953 வரையிலும் பிரித்தானியாவில் விற்ற பெற்றோல் தரங் குறைந்தது. அந்த எண்ணெய்க்கு ஏற்றவாறு அக்கால இயந்திரங்கள் மெல்லழுத்தத்திலே இயங்கின. முதல் மைனரில் அழுத்த விகிதம் ஏறக்குறைய 6.5 மட்டுமே. அதனால் மண்ணெண்ணெயை அவை ஒருவாறு சீரணித்தன. பிரித்தானிய உழவு இயந்திரங்கள் சில அத்தகைய எண்ணெயிலேயே ஓடியதும் உண்டு. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் வைத்த பெற்றோலை விட்டு முதலில் இயக்குவர். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பொறி எழும் நேரத்தைச் சற்றுப் பிந்தவைத்தால் தட்டுஞ் சத்தம் குறையும். எரியாத மண்ணெண்ணெய் அடியில் இறங்கி மசகெண்ணெயை இளக்கிவிடுமாதலால் அதனை அடிக்கடி மாற்றுதல் வேண்டும். பற்றரி இறந்த வண்டிகளை முன்புறத்துக் கைபிடியைச் சுழற்றி இயக்கினர். அழுத்தமும் நுட்பமும் மிகுந்த புதிய வண்டிகள் இந்த உபசாரத்தை எளிதில் ஏற்கவில்லை. கிழவிகள் என்று ஏளனஞ் செய்யப்பட்ட வண்டிகளே வெண்புகை கக்கியவாறு நோயாளரையும், கர்ப்பிணிகளையும், பரீட்சை எழுதும் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்றன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபோதும் அவை அந்தச் சனத்திரளுக்கிடையே ஊர்ந்தன.

2002ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கண்டி வீதி திறக்கப்பட்டதும், தென்னிலங்கையிலிருந்து பழைய கார்களைத் தேடி வந்தோர் தோன்றினர். ஐம்பது ஆண்டு ஓடிய மைனரும் ஒஸ்டினும் அவர்களுக்கு அருங்காட்சிப் பொருள். ஏழ்மையால் வைத்திருந்தது செல்வர் தேடும் பொருளாயிற்று. பலர் விற்றனர், அவர்களைக் குறைகூறல் தகாது. போரில் யாவும் இழந்த குடும்பத்துக்கு அந்தக் காசு கூரையாயிற்று.

கடலுக்கு அப்பாலும் இதே நீதி வழங்கிற்று. நெடுந்தீவுக்கு மக்களை ஏற்றிச் சென்ற 'குமுதினி' படகு, 1985 மே 15இல் அதிற் பயணஞ் செய்தோர் கொல்லப்பட்ட துயரத்தால் மறக்கவொண்ணாத பெயர் பெற்றது. அந்தத் துயரத்திற்குப் பின்னரும் அதனைத் திருத்தித் திருத்தியே சேவையில் வைத்திருந்தனர்.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டது. 2022இல் எரிபொருளே பங்கீட்டுக்கு வந்தது. பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. 2025 பெப்ரவரி முதலாந் திகதி தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டதாயினும், மிகுந்த வரியினால் புதிய வண்டி சிறு வருவாய்க்காரருக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. அவர்கள் முன்போலவே சுருட்டிய நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் சென்று, பிறர் ஓட்டிய வண்டியின் கீழே குனிந்து பார்த்தனர்.