சதுரங்கம் கற்பிக்கும் கட்டற்ற மென்பொருள்: ஜிகாம்ப்ரி

ஜிகாம்ப்ரி சிறுவர்களுக்கான கட்டற்ற கல்வி மென்பொருள் தொகுப்பு. பிரெஞ்சு நிரலாளர் புரூனோ குதுவான் 2000ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். 'எனக்குப் புரிந்தது' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியை ஒட்டி அமைந்த பெயர் இது. எண், எழுத்துப் பயிற்சிகளோடு சதுரங்கமும் இதில் உண்டு.

சதுரங்க நிரல்கள் நெடுங்காலமாக மனிதரை வெல்வதற்காகவே எழுதப்பட்டன. 1997இல் டீப் ப்ளூ கணினி உலக வாகையர் காஸ்பரோவைத் தோற்கடித்தது அந்த ஓட்டத்தின் உச்சம். ஏழு வயதுக் குழந்தைக்கு அத்தகைய எதிராளியால் என்ன பயன்? பத்து நகர்த்தலில் தோற்கும் குழந்தை பலகையை மூடிவிட்டுப் போய்விடும்.

ஜிகாம்ப்ரியின் பழைய பதிப்பில், 1984இல் தொடங்கப்பட்ட குனூ செஸ் என்ற நிரல் பின்னணியில் இயங்கியது. அதைத் தனியாக நிறுவ வேண்டும். நிறுவாத கணினியில் பிழைச் செய்திதான் வரும். 2014 முதல் தொகுப்பு முழுவதும் கேடியீ திட்டத்தின் கீழ்த் திரும்ப எழுதப்பட்டபோது, நியூசிலாந்து நிரலாளர் டக்ளஸ் பாக்னல் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சிறிய சதுரங்க நிரல் உள்ளேயே சேர்க்கப்பட்டது. வலிமையில் இது குறைவுதான். ஆனால் கைபேசியிலும் ஓடும்.

கற்பிக்கும் உத்தி இங்கேதான் இருக்கிறது. தொடக்க நிலையில் கணினி யோசித்து ஆடுவதில்லை. விதிக்கு உட்பட்ட ஏதோ ஒரு நகர்த்தலைச் செய்கிறது. நிலை ஏற ஏற யோசித்து ஆடும் தடவைகள் கூடும். குழந்தை மிகவும் பின்தங்கிவிட்டால் மட்டும், ஆட்டம் வீணாக நீளாதிருக்கக் கணினி ஒழுங்காக ஆடி முடித்துவிடும். நல்ல ஆசிரியர் செய்வதும் ஏறக்குறைய இதையே. காயைத் தொட்டால் அது செல்லக்கூடிய கட்டங்கள் தெரியும். ஆட்ட இறுதிக்கெனத் தனிப் பயிற்சியும் உண்டு. சில காய்களே உள்ள பலகையில் அரசனை மூலைக்குத் தள்ளப் பழக வேண்டும். கியூபா வாகையர் கபாபிளாங்கா 1921இல் வெளியிட்ட தம் பாடநூலையும் எளிய ஆட்ட இறுதிகளிலிருந்தே தொடங்கினார்.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், ஆரணி, வெம்பாக்கம் பகுதிகள் உட்பட மாநிலமெங்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் மடிக்கணினி பெற்றனர். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது; டெபியன் களஞ்சியத்தில் ஜிகாம்ப்ரி இருந்தது. அதாவது பணம் கொடுக்காமல் நிறுவிக்கொள்ள வழி இருந்தது. விண்டோஸ் பதிப்பிலோ பல செயற்பாடுகளைத் திறக்க நெடுநாள் கட்டணம் கேட்கப்பட்டது. 2020இல் வெளிவந்த 1.0 பதிப்போடுதான் அக்கட்டணம் ஒழிந்தது. சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் மோதிய 2013ஆம் ஆண்டில், பள்ளிகளில் சதுரங்க ஆர்வம் பெருகியிருந்த வேளையில், இந்த வேறுபாடு சிறியதன்று.

தமிழ் மொழிபெயர்ப்பு தன்னார்வலர்களின் வேலை. புதிய செயற்பாடுகள் சேரும்போதெல்லாம் மொழிபெயர்க்க வேண்டிய தொடர்களும் கூடும். மொழிபெயர்ப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போன மொழிகளை வெளியீட்டிலிருந்து நிறுத்திவைப்பது திட்டத்தின் வழக்கம். மூலநிரல் அனைவருக்கும் திறந்தே இருக்கிறது. தமிழில் பலகை திறப்பது அந்தக் கோப்பை யாராவது தொடர்ந்து நிரப்பி வருவதைப் பொறுத்தது.